வேலிக்கு அப்பால் போன தட்டு

நான் ஓய்வு பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, பட்டறையிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பொறியியல் படித்தவர்கள். என் இடத்துக்கு எடுக்கப்பட்டவர்கள். ஒருவர் போதாதென்று இருவரை எடுத்ததில் எனக்குச் சிறு பெருமை உண்டு. மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்கள். நான் கடைசியாக வரைந்த, பறக்கும் மீனின் பெயர் வைத்த ‘கோலா’ என்ற தட்டு. அதன் விளிம்பு முழுவதும் சிவப்புப் புள்ளிகள்.

“அக்கா, விளிம்பில ஏன் இவ்வளவு குழியள்? கொம்பியூட்டர் எல்லாத்தையும் பிழை எண்டு காட்டுது. அழிச்சு விடட்டோ?”

“ஒண்டையும் அழிக்காதேங்கோ. ஏன் எண்டு எழுதித் தாறன்” என்றேன்.

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரியும். எழுதினால் நம்புவார்களா என்பதும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் என்ன தொழில் என்பதைச் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பந்துக்குப் பதிலாகத் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவருக்கு வெற்றி. குளிர் நாடுகளில் சனங்கள் குடும்பத்தோடு காட்டுக்குள் போய் விளையாடுவார்களாம். மன்னாரில் இதை ஒருவரும் விளையாடுவதில்லை. தீவு முழுவதிலும் ஒரே ஒரு கூடைதான் இருந்தது. அது எங்கள் பட்டறை முற்றத்தில் நின்றது. அதில் நாங்கள் குடைகளையும் சாப்பாட்டுப் பைகளையும் கொழுவி வைத்தோம்.

இந்த விளையாட்டில் முதல் எறிக்கு ஒரு தனித் தட்டு உண்டு. ஆகக் கூடிய தூரம் போவதற்கென்றே செய்யப்படுவது. அதற்கு ஆங்கிலத்தில் ‘றைவர்’ என்று பெயர். நான் றைவர் வடிவமைப்பவள். இதைக் கிராமசேவகரிடம் சொன்னபோது அவர் தொழில் என்ற இடத்தில் ‘சாரதி’ என்று எழுதிவிட்டார். எனக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும். அதன் பிறகு இரண்டு வருடம் திருவிழாக் காலத்தில் பஸ் ஓட்ட வருவீர்களா என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

நான் அடம்பனில் வயல் செய்கிற வீட்டில் பிறந்தவள். படவரைஞர் வகுப்புப் படித்து, ஃபைபர் வள்ளம் கட்டும் இடத்தில் வள்ளங்களின் அடிப்பாகம் வரைந்துகொண்டிருந்தேன். நோர்வேயில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய குலாஸ் சேர் ஒருநாள் அங்கே வந்தார். என் வரைபடங்களைப் பார்த்தார். “தண்ணியில போறதை வரையிறீங்கள். காத்தில போறதை வரைய விருப்பமோ?” என்று கேட்டார். சம்மதித்தேன். நான் தட்டு வரைய வந்த கதை அவ்வளவுதான்.

தாராபுரம் போகும் வழியில் பட்டறை. பகலில் மீன் பெட்டியும் வாளியும் செய்வோம். மீதி நேரத்தில் தட்டு. நோர்வேயில் குலாஸ் சேருக்குத் தெரிந்த ஒரு கொம்பனி அவற்றை வாங்கியது.

குலாஸ் சேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. அந்த மரியாதையைத் தட்டுகளுக்கும் கொடுத்தார். தட்டு வலப்பக்கம் சரிந்தால், “இவர் வலப்பக்கம் விருப்பப்படுறார்” என்பார். விளிம்பு சரியாக நிரம்பாமல் அச்சிலிருந்து வந்தால், “பாவம், இவருக்குப் பசி” என்பார். ஒரு தட்டை எடுக்கும்போது இரண்டு கைகளாலும் எடுப்பார். ஆரம்பத்தில் நாங்கள் உள்ளுக்குள் சிரித்தோம். ஆறு மாதத்துக்குள் எல்லோரும் அப்படியே கதைக்கத் தொடங்கிவிட்டோம். வீட்டில் நான் சாப்பாட்டுக் கோப்பையை “அவரை இஞ்ச தாங்கோ” என்று கேட்டு என் கணவர் ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்ததும் நடந்தது.

அவரிடம் ஒரு விதியும் இருந்தது. நன்றாகப் பறந்த தட்டில் எதையும் மாற்றக்கூடாது. “அவர் ஏன் பறந்தார் எண்டு எங்களுக்குத் தெரியாது, பரமேஸ். தெரியாததை அழிக்க எங்களுக்கு உரிமை இல்லை.” கீறல் இருந்தாலும் அந்தக் கீறலோடுதான் அடுத்த அச்சு வரையவேண்டும்.

தூரத்துக்கு எறியும் தட்டின் விளிம்பு அகலமாகவும் கத்தி வாய் போலக் கூராகவும் இருக்கும். வலக்கைக்காரர் உடம்பைத் திருப்பிப் புறங்கையால் சுழற்றி எறிந்தால், நல்ல தட்டு முதலில் மெல்ல வலப்பக்கம் போகும். வேகம் குறையக் குறைய இடப்பக்கம் திரும்பி இறங்கும். மேலிருந்து பார்த்தால் பாம்பு ஒருமுறை நெளிந்தது போல இருக்கும். அந்த நெளிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். நெளிவைக் கூட்டுவதும் குறைப்பதும் விளிம்பில் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையை வரைவதுதான் என் வேலை. வரைந்தபடியே வருவார் என்றும் இல்லை. அச்சிலிருந்து சூட்டோடு எடுத்து வெயிலில் வைத்தால் நடு முதுகு பொங்கும். நிழலில் வைத்தால் தட்டையாகும். காலையில் செய்தவரும் மத்தியானம் செய்தவரும் ஒரே அச்சில் பிறந்த அண்ணன் தம்பி போல, பறக்கும் குணத்தில் வேறு வேறு.

எறிவதற்கு அன்ரன் இருந்தான். வீச்சுவலைக்காரன். வலை வீசி வீசி அவனுடைய இடுப்பும் மணிக்கட்டும் இதற்கென்றே செய்தது போல் ஆகியிருந்தன. சாப்பிட்டுவிட்டுத்தான் எறிவான், எறிவதற்கு முன் சீப்பால் தலை இழுப்பான். படம் எடுக்கிறோமோ இல்லையோ, எறிந்து முடித்த நிலையில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான்.

எங்கள் பெரிய எதிரி காற்று. முதலாவது றைவர் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் அற்புதமாகப் பறந்தார். மகிழ்ந்துபோய் நோர்வேக்கு அனுப்பினோம். அங்கே பக்கத்து மரத்தோடு விழுந்துவிட்டார். சோளகம் வீசும்போது எங்கள் மீன் பெட்டி மூடிகளும் அதே அளவு பறந்ததைப் பிறகுதான் கவனித்தோம். அதிலிருந்து காற்று ஓய்ந்த நேரத்தில் மட்டும்தான் சோதனை. மன்னாரில் காற்று ஓய்வதென்றால் சும்மாவா? நீண்ட தடியில் நைலோன் நூல் ஒன்றைக் கட்டி, அது ஆடாமல் தொங்கும்வரை வெளியில் குந்தியிருப்போம். கழுதைகள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். காற்று நிற்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு குந்தியிருந்தவர்கள் இந்தத் தீவில் நாங்கள் மட்டும்தான்.

பிறகு நோர்வேயிலிருந்து செய்தி வந்தது. மற்றக் கொம்பனிகளின் தட்டுகள் எங்களுடையதைவிடத் தூரம் போகின்றன. அடுத்த றைவர் அவற்றை வெல்லாவிட்டால் இனி எங்களிடம் வாங்கமாட்டார்கள். மீன் பெட்டியை மட்டும் நம்பிப் பட்டறை நிற்காது. அங்கே வேலை செய்த பெண்களில் அரைவாசிப் பேர் தனியே வீடு நடத்துபவர்கள். அன்றைக்குக் குலாஸ் சேர் சாப்பாட்டுப் பையை அவிழ்க்கவே இல்லை.

கோலாவின் முதல் வரைவு அப்போதுதான் பிறந்தது. மஞ்சள் நிறம். பத்துப் பன்னிரண்டு பேரை அச்சில் எடுத்து வெட்டவெளிக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் பழைய தூரம்தான். கடைசி ஆளை அன்ரன் எரிச்சலோடு எறிந்தான். உடை மரப் பற்றைகளுக்குப் பின்னால் போனதைக் கண்டோம். போய்த் தேடினால் அங்கே இல்லை. பற்றையைச் சுற்றி, பற்றைக்குள், அடுத்த பற்றை, கழுதை படுத்திருந்த இடம் எல்லாம் தேடிவிட்டோம். மத்தியானம் வெயில் ஏறிய பிறகு அன்ரன் கையை நீட்டினான்.

“அக்கா, அங்க பாருங்கோ.”

வெளியின் மறு எல்லையில் ஒரு இராணுவ முகாம் இருந்தது. அதன் முள்ளுக்கம்பி வேலிக்கு உள்ளே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒன்று கிடந்தது.

அதுவரை நாங்கள் எறிந்த ஆகக் கூடிய தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். காற்று இல்லை. நூல் ஆடவில்லை. குலாஸ் சேர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்ரன் எறிந்து முடித்த நிலையில் மறுபடி போய் நின்றான்.

மூவரும் முகாம் வாசலுக்குப் போனோம். காவலில் நின்ற பொடியனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அதுதான் வினையானது.

“எங்கட ஆள் ஒருவர் உள்ளுக்க வந்திட்டார். கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்” என்றார் குலாஸ் சேர்.

“யார் வந்தது?”

“மஞ்சள் நிறம். மெல்லிசானவர்.”

“எப்பிடி வந்தது?”

“பறந்துதான்.”

விசில் ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் முகாமே ஓடித் திரிந்தது. மலசலகூடங்களுக்குள் தேடினார்கள், தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறிப் பார்த்தார்கள். கொடிக்கம்பத்தடியில் கிடந்த தட்டை எல்லோரும் தாண்டித் தாண்டி ஓடினார்கள். “அது தட்டுத்தான், தம்பி, தட்டு!” என்று நான் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

பொறுப்பதிகாரி எங்களைக் கதிரையில் இருத்தி விசாரித்தார். அமைதியான மனிதர், தமிழ் முறையாகப் படித்தவர்.

“இது எதுக்கு?”

“எறியிறதுக்கு” என்றார் குலாஸ் சேர்.

“எறிந்தால்?”

“தூரம் போவார்.”

“போய்?”

“விழுவார்.”

“பிறகு?”

“நாங்கள் போய் எடுப்பம்.”

“எடுத்து?”

“திரும்ப எறிவம்.”

அதிகாரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குச் சம்பளம் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றதும் பெருமூச்சு விட்டார். ஆனால் பறக்கும் பொருள் ஒன்று உள்ளே விழுந்ததென்று மேலிடத்துக்கு அதற்குள் அறிவித்துவிட்டார்களாம். அங்கிருந்து பதில் வரும்வரை தட்டு முகாமை விட்டு வெளியே போக முடியாது. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வந்து பார்க்கலாம்.

ஆக, எங்களுடைய மிகச் சிறந்த றைவர் மறியலில், கைதியாக. அவரைப் பார்த்துத்தான் அச்சு வரையவேண்டும்.

ஞாயிறு தோறும் போனோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அவரை வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சிப்பாய் விறைப்பாக நிற்பான். “எப்பிடி இருக்கிறார்?” என்று குலாஸ் சேர் கேட்பார். “சுகமாக இருக்கிறார்” என்று அதிகாரியும் சொல்லப் பழகிவிட்டார். கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. என் கவராயத்தின் கூர்முனைகளைக் கண்டு அதையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் யோசித்துவிட்டு மெழுகுதிரிகள் கொண்டுபோனேன். மெழுகை இளக்கி விளிம்பில் அமர்த்தி, இறுகியதும் துண்டு துண்டாகக் கழற்றி எடுப்பது. முதல் ஞாயிறு எடுத்த அச்சுகள் சைக்கிளில் வீடு வருவதற்குள் வெயிலில் உருகிக் கூடையோடு ஒட்டிவிட்டன. அடுத்த கிழமையிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை றெஜிபோம் என்ற நுரைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போனேன். வாசலில் நிற்பவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் மெழுகைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் மூடிவிடுவார்கள்.

விளிம்பு முழுவதும் சிறு சிறு குழிகள் இருந்தன. நடு முதுகும் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கல்லில் விழுந்து கம்பியில் உரசி வந்ததாக்கும் என்று நினைத்தோம். எனக்கு அவற்றை விட்டுவிடத்தான் விருப்பம். குலாஸ் சேர் சம்மதிக்கவில்லை. “ஒரு குழியையும் விடாதேங்கோ, பரமேஸ்.” ஒவ்வொரு குழியின் ஆழமும் சரிவும் மெழுகிலிருந்து எடுத்து வரைந்தேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறெதையும் வரைந்ததில்லை.

இதற்கிடையில் அன்ரன் பெரிய ஆளாகிவிட்டான். காற்றில்லாமல் முகாம் வேலிக்கு மேலால் எறிந்தவன் என்று ஊர் விளையாட்டுக் கழகம் மாலை போட்டது. ‘வேலி தாண்டிய வீரன்’ என்று அவனுடைய படத்தோடு பெரிய பதாகை ஒன்றைச் சந்தியில் கட்டினார்கள். அவனுடைய மாமனார் முதல் தரமாக அவனைத் தன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்.

இரும்பு அச்சு வெட்டி முடிந்த கிழமை, நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்று நான் மட்டும் முகாமுக்குப் போனேன். சமையல்கட்டுப் பக்கம் ஒரு கறுத்த நாய் யாருடையதோ செருப்பைக் கவ்விக்கொண்டு வேலிக்குக் கீழால் நுழைந்து வந்தது. கொடிக்கம்பத்தடியில் படுத்து, செருப்பை முன்னங்கால்களுக்குள் வைத்து, ஓரமாகச் சுற்றிச் சுற்றிக் கடித்தது.

சமையல்காரர் வெட்கத்தோடு சிரித்தார். “இந்தக் கலு இப்பிடித்தான் மிஸ். வெளிய கிடக்கிற சாமான் எல்லாம் கொண்டு வரும். உங்க தட்டும் அன்றைக்கு இது கொண்டு வந்தது.”

“ஏன் ஒருதருக்கும் சொல்லேல்லை?”

“ஒருத்தரும் என்னைக் கேக்கல்ல.”

பட்டறைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. குலாஸ் சேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். சோற்றுப் பிடியைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்தார்.

“அப்ப அவர் பறக்கேல்லை.”

“இல்லை சேர்.”

“குழியள்?”

“பல்லு, சேர்.”

“அமுங்கின இடம்?”

“முன்னங்கால் எண்டு நினைக்கிறன்.”

வெளியே பெண்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நோர்வேக்குக் கொடுத்த தவணை முடியப்போகிறது. இன்னொரு அச்சு வெட்ட வழியில்லை. எனக்கு அழுகை வந்தது. “அச்சு வெட்டியாச்சு. எடுத்து எறிஞ்சு பாப்பம். நல்லாப் பறக்கமாட்டார் எண்டும் எங்களுக்குத் தெரியாதுதானே” என்றார் அவர்.

அன்ரனுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவன் வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தான்.

“அக்கா, நாய் வேலிக்கு மேலால பாய்ஞ்சதோ, கீழால போனதோ?”

“கீழால.”

“அப்ப வேலியை ஒருதரும் தாண்டேல்லை.”

மறுநாள் அவனே ஏணி வைத்து ஏறிப் பதாகையை அவிழ்த்தான் என்று கேள்விப்பட்டேன். வேலைக்கு வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. எங்களில் வேறு யார் எறிந்தாலும் தட்டு வாளி மூடி போலத்தான் விழுந்தது. கடைசியில் குலாஸ் சேரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். புதிய அச்சில் வந்த முதல் தட்டை அவர் இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

“அன்ரன், இவர் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.”

உள்ளேயிருந்து அவனுடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒரு கோப்பை கூடுதலாக இருந்தது.

அன்ரன் விளிம்பை விரலால் தடவினான். “நாய் கடிச்சதை நான் எறியிறதோ, சேர்?”

“நாய் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒருதரும் இன்னும் அவரை எறியேல்லை.”

அன்ரன் கூடுதலாக வந்த தேத்தண்ணியையும் குடித்தான். பிறகு எழும்பிச் சட்டையைப் போட்டான். “நாய் போனதை விடத் தூரம் போகவேணும்” என்றான்.

முகாம் பக்கம் இனி வேண்டாம் என்று கடலோரத்துக்குப் போனோம். ஆழமில்லாத, சாதாளை என்ற கடற்பாசி படிந்த கடல். விடிந்து கொஞ்ச நேரம். நூல் ஆடாமல் தொங்கியது. நான் விழும் இடத்தைக் காட்டும் கொடியோடு தண்ணீருக்குள் நடந்து, பழைய தூரத்துக்குச் சற்று அப்பால் முழங்காலளவில் நின்றேன். அன்ரன் அன்றைக்குத் தலை இழுக்கவில்லை. எறிந்தான்.

எந்தப் பழைய தட்டும் அந்த இடத்துக்கு வருமுன்பே விழுந்திருக்கும். இவர் என் தலைக்கு மேலால் ஒரு சிறு சீறலோடு போனார். இன்னும் வலப்பக்க நெளிவே முடியவில்லை. நான் கொடியைத் தூக்க மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தபோது சூரியன் நேர் எதிரே. தண்ணீர் முழுவதும் வெள்ளிப் பளபளப்பு. எங்கே இறங்கினார் என்று நானும் காணவில்லை, கரையில் நின்றவர்களும் காணவில்லை. மத்தியானம்வரை காலால் தடவித் தேடினோம். சாதாளையும் சங்கும்தான் பட்டன.

மறுநாள் காலை, நண்டு வலைக்காரர் செபமாலை கரைக்கு வந்தபோது, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கோலா இருந்தார். அவர்மேல் ஒரு நண்டு.

“வலையில கிடந்தது. தேங்காய்ச் சம்பல் போட நல்ல தட்டு” என்றார் செபமாலை.

“எந்த வலையில, அண்ணை?” என்று நான் கேட்டேன். “அந்த இடத்தைக் காட்டினியளெண்டால் போதும். நாங்கள் அளந்திட்டுப் போயிடுவம்.”

அவருடைய முகம் மாறிவிட்டது. “தட்டு வேணுமெண்டால் கொண்டு போங்கோ. இடம் கேக்காதேங்கோ. இண்டைக்கு உங்களுக்குச் சொன்னால் நாளைக்கு இந்தக் கரையே அங்க வலையோட நிக்கும்.”

குலாஸ் சேர் கெஞ்சினார். நோர்வேயைப் பற்றி, பட்டறைப் பெண்களைப் பற்றி எல்லாம் சொன்னார். செபமாலை தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார். இடத்தை மட்டும் சொல்லவில்லை.

நோர்வேக்குத் தட்டோடு தூரத்தையும் எழுதி அனுப்பவேண்டும். பட்டறையில் குலாஸ் சேர் பேனாவோடு அன்ரனைப் பார்த்தார். அன்ரன் பல நாள்களுக்குப் பிறகு சிரித்தான்.

“செபமாலையண்ணையின்ர வலை வரைக்கும் எண்டு எழுதுங்கோ, சேர்.”

அப்படியே எழுதினார். அங்கே எறிந்து பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு கிழமையில் தட்டுகள் கேட்டு ஓடர் வந்தது, அது குறையவே இல்லை. பட்டறைக்கு இன்னொரு கொட்டில் போட்டோம். விளிம்புக் குழிகள் காற்றை ஏதோ செய்கின்றன என்று அங்கே ஒருவர் விளக்கி எழுதியிருந்தார். குலாஸ் சேர் வாசித்துவிட்டு, “இருக்கலாம்” என்றார். முகாமில் இருக்கும் முதல் கோலாவுக்கு மேலிடத்துப் பதில் இன்றுவரை வரவில்லை.

தூரம் எத்தனை மீற்றர் என்று மட்டும் நோர்வேக்காரர் இடைக்கிடை கேட்பார்கள். செபமாலை இப்போது கடலுக்குப் போவதில்லை. அவருடைய மகள்தான் அந்த வலையைப் போடுகிறாள். நேற்று நண்டு வாங்கப் போனபோது, எனக்குத்தான் வேலையும் முடிந்துவிட்டதே, இனிச் சொன்னால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். என் பைக்குள் இரண்டு பெரிய நண்டுகளைக் கூடுதலாகப் போட்டாள்.

“அந்தக் கதையை விடுங்கோ, அன்ரி” என்றாள்.